'ஆதரவுக் குளியல்' என்றால் என்ன? ஓர் ஆங்கிலச் சொல், ஒன்பது பொருள்: ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

மிளகுக்கொடி (ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். போன வாரம் முதலாளி 12 பக்க ஆங்கிலக் கையேடு ஒன்றைக் கொடுத்து, "இதைத் தமிழில் எழுதிக் களத்துச் சுவரில் ஒட்டிவிடம்மா, இரண்டு நாள் போதுமல்லவா?" என்றார். செடி பூப்பதில் தொடங்கி, காயவைத்து மூட்டை பிடிப்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தை நம்பி உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே மூச்சு வாங்கியது. சரி என்று கைப்பேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தேன். அது தந்ததில் நான்கு வரிகளை அப்படியே எழுதுகிறேன்:

"மலர்க் குளியலுக்குப் பிறகு ஆதரவுக் குளியல் அவசியம்."

"ஏமாளிகளை மாதம் ஒருமுறை கையால் ஒடித்து எறியவும்."

"வெள்ளைத் தண்டு சலிப்பூட்டி தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரிக்கவும்."

"மிதவைகளை அகற்றிய பின் ஆட்டுத்தோல் காகிதத்தைக் கெஜத்தில் பரப்பவும்."

மலையில் இருப்பவர்களுக்கு இது புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் பெய்து காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் மழைக்குத் தோட்டத்தார் வைத்த பெயர் 'பிளாசம் ஷவர்'. அதன்பின் பிஞ்சு நிற்பதற்காக வரவேண்டிய அடுத்த மழை 'பேக்கிங் ஷவர்'. செயலிக்கு 'ஷவர்' என்றால் குளியலறைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. 'சக்கர்' என்பது தண்டில் கிளம்பும் வேண்டாத துளிர். பேச்சு ஆங்கிலத்தில் எளிதில் ஏமாறுகிறவனும் 'சக்கர்'தான். 'போரர்' தண்டைத் துளைக்கும் வண்டு. 'யார்டு' என்றால் களம். 'பார்ச்மெண்ட்' என்றால் சதையை நீக்கிக் கழுவியபின் கொட்டைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஓடு. அந்த ஓட்டோடு கூடிய காப்பிக்கும் அதே பெயர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பழம் பறிக்கும் அக்காமார்களிடம் படித்துக் காட்டினேன். "ஏமாளியை ஒடித்து எறிவதென்றால் முதலில் உன்னைத்தான் எறிய வேண்டும், இரண்டு நாளில் முடிப்பதாக ஒப்புக்கொண்டாயே" என்றார் ஒருவர்.

என் கேள்வி இதுதான். ஒரு சொல்லுக்கு அகராதியில் ஒன்பது பொருள் போட்டிருக்கிறது. எது நமக்கானது என்று கண்டுபிடிக்க ஏதாவது வழிமுறை உண்டா? இல்லை, ஒவ்வொன்றுக்கும் விழுந்து எழுந்துதான் படிக்க வேண்டுமா?

இருபதாம்வளைவு (சேலம்)

அக்கா, சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. 'பேக்கிங்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பொட்டலம் கட்டுவதா, ரொட்டி சுடுவதா, பின்னாலிருந்து தாங்குவதா என்று தெரியாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக இருந்தவை நம் கைக்கு வந்ததும் ஒன்றாகிவிட்டன!

மலைக்கு வரும் பஸ்ஸில் நான் கண்ணால் பார்த்தது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிந்து ஊருக்குள் வந்தாகிவிட்டது. நடத்துநர் "லேடீஸ் சீட், லேடீஸ் சீட்" என்று குரல் கொடுத்தார். முன்வரிசையில் இருந்த வெளியூர்ப் பெரியவர் சட்டென்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் "உட்காருங்கள் தாயே, கவனிக்கவில்லை" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அது இறங்கும் இடத்தின் பெயர் என்று சொன்ன பிறகும் அவர் உட்காரவில்லை. அந்த அம்மாதான் உட்கார்ந்தார்.

பழங்காசு (சேலம், அம்மாப்பேட்டை)

லேடீஸ் சீட்டை விடுங்கள், பகோடா பாயிண்டைப் பாருங்கள். அங்கே போய்ப் பக்கோடாக் கடையைத் தேடியவர்களை எனக்குத் தெரியும் (நானும் சிறு வயதில் தேடினேன்). கல்லைக் கோபுரம்போல் அடுக்கி வைத்திருந்ததால் வந்த பெயர். ஆனால் 'பகோடா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. நம் தங்க வராகனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 'பகோடா' என்றுதான் எழுதினார்கள். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. 1818-இல் ரூபாய் நிலைபெறும் வரை கம்பெனியின் கணக்குப் புத்தகம் இப்படித்தான் ஓடியது. அந்தக் காலத்துக் கணக்கில் 'இத்தனை பகோடா' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இத்தனை கோயிலா என்று மலைத்தவர் உண்டு.

அந்த வாய்ப்பாட்டில் இன்னொரு வேடிக்கை. 80 காசு என்பதை அவர்கள் '80 கேஷ்' என்று எழுதினார்கள். இன்று கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்தக் 'கேஷ்' வேறு. அது இத்தாலிய, பிரெஞ்சு வழியில் வந்தது, பணப்பெட்டி என்று பொருள். சில்லறை நாணயமான 'கேஷ்' நம் காசு போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. உருவம் ஒன்று, பிறப்பு வேறு. உடன்பிறவாத இரட்டையர்.

சொல்வேலி (ஓமலூர்)

வேடிக்கை இருக்கட்டும். எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி. ஒரு பொருளுக்கு ஒரு சொல் வைக்கத் தெரியாமல், இருக்கும் சொல்லையே எல்லா இடத்திலும் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 430 பொருள். பிறகு 'ரன்' என்ற வினைச்சொல் அதையும் முந்தி 645-க்குப் போய்விட்டதாம். இதெல்லாம் பெருமையா? தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது.

வைக்கோற்போர் (தலைவாசல்)

> தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது.

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் எழுந்து காப்பி போடுகிறோம், சட்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், வங்கியில் பணம் போடுகிறோம், மாட்டுக்குத் தீனி போடுகிறோம், மாடு கன்று போடுகிறது. ஒரு 'போடு' படும் பாட்டைப் பாருங்கள். 'ரன்' 645 என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். நம் 'ஓடு' சும்மாவா இருக்கிறது? மோட்டார் ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. கூரையில் கிடக்கும் ஓடு மட்டும்தான் ஓடவில்லை.

என் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் என்றால் சண்டை. போர் என்றால் வைக்கோல் குவியல். இந்த இரண்டும் நம்முடையவை. பிறகு ஆங்கிலத்திலிருந்து துளையிடும் 'போர்' வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் ஆயிரம் அடி போட்டும் புழுதிதான் வருகிறது, அது தனிக் கதை. அதன் பின்னாலேயே சலிப்பான 'போர்' வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் இருக்கும் மருமகனிடம் தொலைபேசியில், "நாளைக்கு நம் காட்டில் போர், வர முடியுமா?" என்றேன். பங்காளித் தகராறு முற்றிவிட்டது என்று நினைத்து, மனிதர் துணைக்கு இரண்டு நண்பர்களை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக வந்து இறங்கிவிட்டார். வந்தவர்கள் குழாய் இறக்க உதவினார்கள்.

மிளகுக்கொடி அக்காவின் 'சலிப்பூட்டி' பிறந்ததும் இதே குழியில்தான். துளைப்பதும் 'போர்', சலிப்பூட்டுவதும் 'போர்', செயலி 'போரர்' என்றதும் தவறான போரைப் பிடித்துக்கொண்டது.

சொல்வேலி (ஓமலூர்)

நான் சண்டை போட வரவில்லை.

வைக்கோற்போர் (தலைவாசல்)

பார்த்தீர்களா, சண்டையையும் போடத்தான் செய்கிறோம்.

ஓய்வுபெற்றதமிழாசிரியர் (ஆத்தூர்)

அம்மா மிளகுக்கொடி, வழிமுறை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அதுவும் மிகப் பழையது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே 'பலபொருள் ஒருசொல்' பற்றிய சூத்திரங்கள் வருகின்றன. அப்படிப்பட்ட சொல்லின் பொருள் 'வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளியும் என்கிறார் தொல்காப்பியர். மூன்றே சொற்கள். முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

நம் ஊர்ச் சொல்லிலேயே பார்ப்போம். மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு, குறிப்பாகக் குதிரை. பெரிய என்றும் பொருள் வரும். நில அளவும் உண்டு. 'மா பூத்தது' என்றால் குதிரையைத் தேடி யாரும் போகமாட்டார்கள். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுத்துவிட்டது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் மருது, இது மரம் என்கிறது. அது இனம். போர்க்களத்தில் நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் மல்கோவாவைக் கொண்டுபோய் நீட்டக் கூடாது. அது சார்பு.

இப்போது உங்கள் கையேட்டுக்கு வாருங்கள். 'சக்கர்' பக்கத்தில் ஒடி என்ற வினை இருக்கிறது. ஏமாளியை யாரும் ஒடிப்பதில்லை. 'போரர்' பக்கத்தில் தண்டு இருக்கிறது. 'ஷவர்' வரும் வரியில் மாதப் பெயர் இருந்திருக்குமே, இருந்ததா? சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து அகராதியில் தேடினால் ஒன்பது பொருளும் ஒன்பது வாசலில் நிற்கும். அண்டை வீட்டாரை விசாரியுங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சொல்வேலி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பல பொருள் இருப்பது இழுக்கென்றால், நம் முன்னோர் திவாகர நிகண்டில் 'ஒருசொல் பல்பொருள்' என்று ஒரு தொகுதியே தனியாக ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

நடைமேடை4 (சூரமங்கலம்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ரயில்வேயில் 34 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்கள் மூன்று சாவியும் என் பூட்டில் சில நேரம் திரும்பாது.

'ஸ்லீப்பர்' சுலபம். படுத்துக்கொண்டு போகும் பெட்டியும் ஸ்லீப்பர், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டையும் ஸ்லீப்பர். இரண்டும் படுத்திருப்பதால் வந்த பெயர். "ஸ்லீப்பர் மாற்றும் வேலை" என்று நான் சொன்னதைக் கேட்டு, என் மைத்துனர் "எனக்கும் கீழ்ப்படுக்கை மாற்றிக் கொடுங்கள் மாமா" என்றார். 'பாயிண்ட்' எங்களுக்குப் பாதை பிரியும் இடம். ஏற்காட்டுக்காரர்களுக்கு மலையின் விளிம்பு, கிரிக்கெட் பார்க்கும் பையனுக்கு ஆள் நிற்கும் இடம். இதெல்லாம் இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் 'பிளாக்' இருக்கிறதே! இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் விடும் பாதைத் துண்டுக்கு 'பிளாக்' என்று பெயர். பராமரிப்புக்காகப் பாதையை மூடிவைத்தாலும் 'பிளாக்'. ஒன்றில் வண்டி ஓடுகிறது, மற்றதில் ஓடக் கூடாது. ஒரே அறை, ஒரே மேசை, ஒரே தொலைபேசி. "பிளாக்கில் ஆள் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு வினையும் அதே, இனமும் அதே, சார்பும் அதே. ஆள் இருப்பது ஓடும் பாதையிலா, மூடிய பாதையிலா? இந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டால் சிரிப்பு வராது.

ஓய்வுபெற்றதமிழாசிரியர் (ஆத்தூர்)

நல்ல கேள்வி, நடைமேடையாரே. இதற்கும் அவரிடம் அடுத்த சூத்திரம் இருக்கிறது. 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். இதை 'வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல்' என்று தனியாகப் பிரித்து, 'கிளந்தாங்கு இயலும்' என்கிறார். அதாவது சொல்பவர் வெளிப்படையாக ஒரு சொல்லைச் சேர்த்துக் கூற வேண்டும். 'மாமரம் வீழ்ந்தது' என்று. முதல் வகையில் பொறுப்பு கேட்பவருடையது, இரண்டாம் வகையில் பேசுபவருடையது. உங்கள் இலாகாவில் என்ன செய்தார்கள்?

நடைமேடை4 (சூரமங்கலம்)

அதையேதான் செய்திருக்கிறார்கள், இப்போதுதான் உறைக்கிறது! மூடுவதைச் சொல்லும்போது வெறும் 'பிளாக்' என்று எழுதமாட்டோம். 'டிராஃபிக் பிளாக்' அல்லது 'பவர் பிளாக்'. முதலாவதில் வண்டியை நிறுத்துகிறோம், இரண்டாவதில் மேலே ஓடும் மின்கம்பியை அணைக்கிறோம். ஓடும் பாதைக்கு 'பிளாக் செக்‌ஷன்'. 34 வருடம் தொல்காப்பிய விதிப்படி வேலை பார்த்திருக்கிறேன், தெரியாமல். ஓய்வூதியத்தில் ஏதாவது கூட்டித் தருவார்களா?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

எங்கள் தொழிலிலும் ஒன்று. வெள்ளியின் தரத்தை 'டச்' என்று சொல்வோம். இந்தக் கொலுசு எத்தனை டச் என்று கேட்டால் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்று அர்த்தம். மகள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் 'டச்' என்றால் தொடுதல் என்று படித்துவிட்டு, "தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவீர்களா அப்பா?" என்று கேட்டாள். ஒருவகையில் ஆமாம். கல்லில் தேய்த்துப் பார்ப்பதிலிருந்து வந்த பேச்சு அது. நம் உரைகல்லை ஆங்கிலத்தில் 'டச்ஸ்டோன்' என்கிறார்கள்.

ஆசிரியர் ஐயா, எனக்கு வெகுநாள் சந்தேகம். உரை என்றால் தேய் என்றும் இருக்கிறது, சொல் என்றும் இருக்கிறது, திருக்குறளுக்கு எழுதுகிறார்களே அதுவும் உரை. மூன்றும் ஒன்றா?

ஓய்வுபெற்றதமிழாசிரியர் (ஆத்தூர்)

சொல்லுவதும் விளக்கம் எழுதுவதும் ஒரே வழியில் வந்தவை. தேய்ப்பதையும் அதோடு முடிச்சுப்போட ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆசைக்காக வேர்ச்சொல் சொல்லக் கூடாது. சில உரைகளைப் படித்தால் மூலத்தைத் தேய்த்தேவிட்டார்கள் என்று தோன்றும், அது வேறு.

தேர்வுத்தயாரிப்பு (சேலம்)

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் நூறு, தமிழ்ப் பொருளோடு பட்டியலாக யாராவது போட முடியுமா? மனப்பாடம் செய்துகொள்வேன்.

கரும்பலகை (அஸ்தம்பட்டி)

தம்பி, பட்டியல் கேட்காதே. நான் ஆங்கிலம் கற்பிப்பவள். பட்டியலைத் தின்று தேர்வறையில் கக்கியவர்கள் எல்லாரும் கடைசியில் 'ஸ்டீல் பிளாண்ட்' என்பதை எஃகுச் செடி என்றுதான் எழுதினார்கள். நம் ஊரில் அதற்கு 'உருக்காலை' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. 'மைன்' என்றால் 'என்னுடையது' என்று படித்தவன் மேக்னசைட் சுரங்கத்துப் பலகையைப் பார்த்து, யாரோ சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று நினைப்பான். நூறு சொல்லைப் படிப்பதற்குப் பதில், பத்துச் சொல்லின் கதையைப் படி. கதை இருந்தால் மறக்காது.

ஒன்று சொல்கிறேன். 'ப்யூபில்' என்றால் மாணவன். கண்ணின் நடுவிலுள்ள கரிய துளையும் 'ப்யூபில்'. ஒட்டே இல்லாத இரண்டு பொருள் மாதிரி இருக்கிறதல்லவா? இரண்டும் லத்தீனில் சிறுபிள்ளை, பொம்மை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தவை. பாதுகாப்பில் வளரும் பிள்ளை, மாணவன் ஆனான். கண்ணுக்கு ஏன் அந்தப் பெயர்? எதிரில் இருப்பவரின் கண்ணை உற்றுப் பார், உன் உருவம் சின்னப் பொம்மையாகத் தெரியும். அவ்வளவுதான் காரணம்.

இப்போது தமிழுக்கு வா. பாவை என்றால் பொம்மை. பாவை என்றால் கண்ணின் கருமணிக்குள் தெரிவது. 1123-ஆம் குறளில் தலைவன் அதனிடம் 'கருமணியிற் பாவாய்நீ போதாய்' என்கிறான். என் காதலிக்கு இடம் வேண்டும், நீ கண்ணைவிட்டு வெளியே போ என்று விரட்டுகிறான்! ரோமாபுரியும் தமிழகமும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதவில்லை. இரண்டு ஊரிலும் யாரோ ஒருவர் யாரோ ஒருவரின் கண்ணை மிகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக 'ஃபேன்'. காற்று வீசும் விசிறி, நெல் தூற்றும் முறத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. ரசிகன் என்ற 'ஃபேன்' வெறிபிடித்தவன் என்ற பொருளுள்ள 'ஃபனாடிக்' என்பதன் குறுக்கம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நம் பத்திரிகைக்காரர்கள் ரசிகனையும் 'விசிறி' என்று எழுதினார்கள், அது நிலைத்தும்விட்டது. ஆங்கிலத்தின் தற்செயலைத் தமிழ் கடன் வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது. இலக்கணப்படி பிழைதான், எனக்கோ அந்தப் பிழையைப் பிடிக்கும்.

குண்டுமாங்காய் (சேலம்)

மாம்பழ ஊர்க்காரர்கள் இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள், யாரும் 'மாங்கோ'வைத் தொடவில்லையே!

நம் மாங்காய்தான் மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் வாயில் 'மாங்கா'வாகி, ஆங்கிலத்தில் 'மாங்கோ' ஆனது, தெரிந்த கதை. தெரியாத கதை இது. அந்தக் காலத்தில் கப்பலில் பழம் போய்ச் சேராது, அழுகிவிடும். உப்பு நீரில் ஊறிய மாங்காய்தான் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அவர்கள் கண்ட 'மாங்கோ' ஊறுகாய் மட்டுமே. ஆகவே வெள்ளரி, முலாம்பழம், குடைமிளகாய் எதையும் உள்ளே மசாலா அடைத்து ஊறப்போட்டால் அதற்கு 'மாங்கோ' என்று பெயர் வைத்தார்கள். ஊறுகாய் போடுவதற்கு 'மாங்கோ' என்று வினைச்சொல்லே இருந்தது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஊறுகாய் மறைந்த பிறகும் பெயர் மறையவில்லை. பழைய ஆட்கள் பச்சைக் குடைமிளகாயை இன்னும் 'மாங்கோ' என்பார்கள்.

என் அண்ணன் மகன் ஒஹையோவில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பாட்டி 'ஸ்டஃப்டு மாங்கோ' செய்திருக்கிறேன், வா என்று அழைத்தாராம். இமாம்பசந்து நினைப்பில் போனவன் தட்டில் இறைச்சி அடைத்த குடைமிளகாய் வந்து நின்றதும் திகைத்துப்போனான். "எங்கள் ஊர்ப் பெயரையே மாம்பழத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள் பாட்டி" என்றானாம். "அப்படியா, அங்கேயும் இதில் அரிசி சேர்ப்பீர்களா?" என்று கேட்டாராம் பாட்டி.

தவணைக்காரன் (சேலம், அம்மாப்பேட்டை)

பொருள் பலவாக இருப்பது பரவாயில்லை. நேர் எதிராக இருந்தால்? 'சாங்ஷன்' என்றால் ஒப்புதல். கடன் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்தேன் (எது என்று சொல்லப் போவதில்லை, இன்னும் தவணை பாக்கி). அப்பாவுக்கு அந்தச் சொல் மந்திரம்போல் ஆகிவிட்டது, தினமும் "சாங்ஷன் ஆயிற்றா?" என்பார். ஒருநாள் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டின்மீது பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து 'சாங்ஷன்' விதித்ததாகச் செய்தி. அப்பா பெருமூச்சு விட்டார்: "பார், அவர்களுக்கெல்லாம் கேட்காமலே சாங்ஷன் ஆகிறது."

அது தடை என்று சொன்னால் நம்பவில்லை. ஒரே சொல் எப்படி 'கொடு' என்றும் 'கொடுக்காதே' என்றும் சொல்லும்?

கரும்பலகை (அஸ்தம்பட்டி)

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அதன் லத்தீன் மூலத்துக்குச் சட்டமாக்குதல், உறுதிப்படுத்துதல் என்று பொருள். சட்டம் ஒரு கையால் அனுமதிக்கும், மறுகையால் தண்டிக்கும். இரண்டு கைக்கும் ஒரே பெயர் தங்கிவிட்டது. 'ஓவர்சைட்' என்பதும் அப்படியே: மேற்பார்வை என்றும் பொருள், பார்க்கத் தவறியது என்றும் பொருள். பல அலுவலகங்களில் இரண்டையும் ஒருவரே செய்துவிடுகிறார்.

மிளகுக்கொடி (ஏற்காடு)

இரண்டு நாள் கெடு ஆறு நாளாகிவிட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, மழை வரவில்லை என்ற கவலையில் இருக்கிறார். (பேக்கிங் ஷவர்தான்.)

ஆசிரியர் ஐயா, வரியில் மாதப் பெயர் இருந்தது. நானும் பார்க்கவில்லை, செயலியும் பார்க்கவில்லை. வினை, இனம், சார்பு என்று காகிதத்தில் எழுதிக் கையேட்டின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் சரசரவென்று போய்விட்டது. 'ஹேண்ட்லிங்' மட்டும் படுத்தியது. கையாளுதல் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. காப்பித் தோட்டத்தில் அது துளிர் கழிக்கும் வேலை. கவாத்து என்று எழுதலாமா என்று யோசித்தேன். காவலராக இருந்து ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் காவலுக்கு இருக்கும் தாத்தா, "கவாத்தா? எத்தனை மணிக்கு அணிவகுக்க வேண்டும்?" என்றார். சீருடைக்காரர்களுக்குக் கவாத்து வேறு என்பதை மறந்தே போனேன். தவிர, கவாத்து கத்தியால் செய்வது, இது கையால் ஒடிப்பது. 'வேண்டாத துளிரைக் கையால் ஒடிக்கவும்' என்று எழுதிவிட்டேன்.

நடைமேடை ஐயாவின் 'பிளாக்' மாதிரி எனக்கும் ஒன்று வாய்த்தது, 'செர்ரி'. செடியில் சிவந்து நிற்கும் பழமும் செர்ரி. அதைக் கழுவாமல் தோலோடு முழுதாகக் காயவைத்தால் வருவதும் சந்தையில் செர்ரி. 50 கிலோ மூட்டைக்கு விலை சொல்லும்போது 'அராபிகா பார்ச்மெண்ட் இவ்வளவு, அராபிகா செர்ரி இவ்வளவு' என்பார்கள். கையேட்டில் ஒரு வரி: 'செர்ரியை இரவு முழுக்க மூட்டையில் வைக்கக் கூடாது.' சிவந்த பழத்தைச் சொல்கிறது, மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். ஆனால் அடுத்த பக்கத்திலேயே 'செர்ரியைச் சுத்தமான மூட்டையில் கட்டி வைக்கவும்' என்று இருக்கிறது, அது காய்ந்தது. இரண்டு இடத்திலும் அதே மூட்டை, அதே வைத்தல். செர்ரி என்றே எழுதி ஒட்டியிருந்தால், ஒன்று பழம் புளித்திருக்கும், இல்லையென்றால் காய்ந்த சரக்கு களத்திலேயே பனியில் கிடந்திருக்கும். 'சிவந்த பழம்', 'காய்ந்த செர்ரி' என்று பிரித்து எழுதினேன். கிளந்தாயிற்று ஐயா.

'பார்ச்மெண்ட்' பார்ச்மெண்டாகவே இருக்கிறது. பெர்கமோன் என்ற பழைய ஊரின் பெயரிலிருந்து ஆட்டுத்தோல் ஏட்டுக்கு வந்து, அங்கிருந்து காப்பி ஓட்டுக்கு வந்த சொல்லாம். இருநூறு வருடத்துக்கு முன் காக்பர்ன் கலெக்டர் காலத்தில் காப்பி இந்த மலைக்கு ஏறியது. கூடவே ஏறிய பேச்சை நான் இறக்கிவிட முடியாது. எங்கள் அக்காமார்கள் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைக்கிறார்கள்.

நேற்று ஒட்டினேன். 'மிதவைகளை அகற்றவும்' என்பதை 'தண்ணீரில் மிதக்கும் பழத்தைத் தனியே எடுக்கவும்' என்று மாற்றியிருந்தேன், எனக்கே பெருமையாக இருந்தது. அன்றைக்கு என்னை ஏமாளி என்ற அதே அக்கா முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதற்கு எதற்கு இத்தனை நீளம்? பொக்கு என்று எழுதினால் போதாதா?" என்றார்.

சுவரில் அடித்துவிட்டுப் பேனாவால் மேலே எழுதியிருக்கிறேன்.